பீப் அக்கா கழற்றிய ஃபியூஸ்

எங்கள் பஸ் டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பீப் அக்காதான். நாற்பது பஸ்ஸுக்கும் எச்சரிக்கைப் பெட்டி மாட்டிய எலக்ட்ரீஷியன் அவள். முன்னால் போகிற பஸ் சடாரென்று பிரேக் போட்டால், பின்னால் வளைவுக்கு இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸில் பெட்டி ‘பீப்’ என்று கத்தும். கம்பி கிடையாது, காற்றிலேயே சேதி போய்விடும். எங்கள் டிரைவர்களுக்கு அது எங்கே பிடித்தது? ஒருத்தர் பெட்டியில் பஞ்சு அடைத்தார், ஒருத்தர் துண்டைப் போட்டு மூடினார். ஸ்டோர் கீப்பரான நான் ஜன்னலில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் தம்பியும் இங்கே டிரைவர்தான். கடைத்தெரு ரூட்.

"அக்கா, நிமிஷத்துக்கு நாலு தடவை கத்துது. தலை வெடிக்குது. ஒரே ஒரு ஃபியூஸ்தானே, எடுத்துடேன்" என்று நச்சரித்தான்.

மற்றவர்களைக் கடித்துக் குதறுகிறவள், தம்பி என்றதும் உருகிவிட்டாள். கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பஞ்சு அடைத்த பஸ்ஸாவது சேதி அனுப்பும். ஃபியூஸ் இல்லாத பஸ் முழு ஊமை. தெரியாதவளா அவள்? பாசத்தில் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் தம்பியை மலைப்பாதைக்கு மாற்றினார்கள். காலை ஏழு மணி, கண் தெரியாத பனிமூட்டம். குறுக்கே விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்து பிரேக் போட்டான். பின்னால் வந்த பஸ்ஸை ஓட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர். அவர் பெட்டி மூச்சே விடவில்லை. இடித்ததில் அவருக்குக் கால் முறிந்தது. பயணிகளுக்கு நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

மேனேஜர் கத்தாத அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இது வேலைக்கு ஆகாது. எல்லா பஸ்லயும் கழட்டிடுங்க."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சார். முன்னாடி போன பஸ்ஸை ஊமையாக்கினது நான்."

ஒரு மாதம் சஸ்பெண்ட். பெட்டிகள் தப்பின. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் இரண்டு நாள் அவள் முகத்தையே பார்க்கவில்லையாம். நான் போன அன்றுதான் வாயைத் திறந்தார்.

"அவனுக்குக் கழட்டினியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா?"

கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தார்.

"எனக்கும் கழட்டிக் குடுன்னு கேட்டிருப்பேன்."