பதினேழா, பதினெட்டா?

மட்டாஞ்சேரி நாற்றுக்கடையில் இன்று என் கணவர் ஒரு தென்னங்கன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். பதினெட்டாவது முறை சபரிமலை ஏறுகிறவர் தென்னங்கன்று கொண்டுபோய் அங்கே நட வேண்டும்.

"எத்தராமத்தெ மலையா சாமி?" என்றார் கடைச் சேட்டன்.

"பதினெட்டு!"

"ஞான் ஒரே சீசன்ல ரெண்டு தடவை போனேன். ரெண்டுன்னு எண்ணலாமா?"

"அதெல்லாம் கூடாது சேட்டா. சீசனுக்கு ஒண்ணுதான். அதுவும் இருமுடியோட படி ஏறியிருக்கணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ நம்ம பொண்ணு பொறந்த வருஷம்? எனக்கு வலி எடுத்திடுச்சுன்னு போன் வந்ததும் பம்பையிலேருந்தே திரும்பிட்டீங்களே?"

மனிதர் அதையும் சேர்த்தே எண்ணி வந்திருக்கிறார். முகம் சுருங்கிப்போய், கன்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

கூட வந்திருந்த எங்கள் ஒன்பது வயது மகளுக்குப் பொறுக்கவில்லை. "என்னைப் பாக்கத்தானே அப்பா ஓடி வந்தீங்க? ஐயப்பன் அதை எண்ணிக்க மாட்டாரா?"

"அவர் எண்ணிப்பார் மோளே. நான் எண்ணக் கூடாது."

அவள் விடவில்லை. அதே கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். இப்போது அது எங்கள் மொட்டைமாடியில், பெரிய தொட்டியில் நிற்கிறது. அடுத்த சீசன் வரை அங்கேதான் வாசம்.

அதற்குள் அது இவர் உயரத்துக்கு வளர்ந்துவிடும். யார் யாரைச் சுமந்துகொண்டு மலை ஏறுவது என்று அனுபவமுள்ள சாமிமார் யாராவது சொல்லுங்களேன்.