திருவாதிரை வெடிக்கும் என்று வாசித்தேன்

எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற தொழிலில் கையால் வரும் வலி கொஞ்சம்; வாயால் வருவதுதான் அதிகம். பிறர் சொல்வதை எழுதி வயிறு வளர்க்கும் சகோதரர்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்கள். சென்னையில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் படித்து, அங்கேயே இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டுப் மலாய் நாட்டில் பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தேன். காஜா பேராங்கில் ஒரு கோப்பிக் கடை வாசலில் மேசை போட்டு மனு, கடுதாசி, சர்க்கார் பாரம் எல்லாம் எழுதியதால் ஊருக்கு நான் கிராணியார், அதாவது குமாஸ்தா. காத்திருப்பவர்களுக்கு ஆங்கிலப் பத்திரிகையைத் தமிழில் வாசித்துச் சொல்வது இலவசம். வினை அந்த இலவசத்தில்தான் வந்தது.

தபால் வேகம்

ஒரு நாள் பத்திரிகையின் மூலையில் ஒரு சின்னச் செய்தி. வானத்தில் சிவப்பாகத் தெரியும் ஒரு கிழட்டு நட்சத்திரம் என்றாவது ஒரு நாள் வெடிக்கலாம், வெடித்தால் பகலிலும் தெரியும், நமக்கு ஆபத்தில்லை. அதன் ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் என் தமிழ்ப் படிப்பைக் காட்டி, “நம்ம திருவாதிரைதான் அது” என்றேன். அந்த ஒரு சொல்லை விழுங்கியிருக்கலாம்.

லோரி ஓட்டும் முனியாண்டி கோப்பியை வைத்துவிட்டு, எப்போது வெடிக்கும் என்று கேட்டார். “ஏற்கெனவே வெடிச்சிருந்தாலும் இருக்கும். அந்த வெளிச்சம் இங்க வந்து சேரவே நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும்” என்றேன். அவர் கோப்பியை மறுபடி எடுத்தார்.

“அப்போ நம்ம போஸ்ட் ஆபீஸ் எவ்வளவோ தேவல, கிராணியாரே!”

பிறந்த தேதி

அடுத்து நின்றவர் அஞ்சலை. தோட்டத்து வேலையை விட்டுப் புக்கிட் ரம்பாய் பக்கம் குடிவந்தவர். பிரஜா உரிமைப் பாரம் நிரப்ப வந்திருந்தார். பிறந்த தேதி என்ன என்று கேட்டேன். “மார்கழி மாசம், திருவாதிரை. வீட்டுல களி கிண்டுன அன்னிக்கின்னு ஆத்தா சொல்லும்” என்றார். சொன்னவருக்கு அப்போதுதான் செய்தி உறைத்தது. முகம் வெளுத்துப்போய் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, வேற நட்சத்திரமாப் பாத்துப் போடுங்க. வெடிக்கிறவளுக்கெல்லாம் பிரஜா உரிமை குடுப்பானா?”

பாரத்தில் நட்சத்திரத்துக்கு இடமே இல்லை என்று காட்டினேன். அவர் அதை நம்பவில்லை. அஸ்வினி என்று நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிய பிறகுதான் கைநாட்டு வைத்தார். அவர் போனதும் அழித்துவிட்டேன்.

யார் காலத்தில்?

பக்கத்துக் கம்போங் என்கிற குடியிருப்பில் ஒரு சிட்டிக் கிழவர்; பல தலைமுறைக்கு முன் வந்து தமிழை மறந்த வம்சம். விபூதி பட்டை பட்டையாக இருக்கும். பேச்சு முழுக்க மலாய். நான் சொன்னதில் அவருக்குப் புரிந்தது திருவாதிரை என்ற ஒரு சொல்தான். மீதியை மலாயில் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் கேட்டது தமிழில் இப்படி வரும்:

“வெடிக்கிறது மெர்டேக்காவுக்கு முந்தியா, பிந்தியா, ஐயா? முந்தின்னா வெள்ளைக்காரன் பாத்துக்கட்டும்.”

செமாபோக் பஸ்

காஜா பேராங்கில் சொன்னது செமாபோக்குக்கு பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேரும். மறுநாள் முனியாண்டி வந்தார், கோப்பி கேட்கவில்லை. அவர் மகள் சரோஜாவுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலில் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. சரோஜாவின் நட்சத்திரம் திருவாதிரை. “வெடிக்கிற நட்சத்திரத்த என் வீட்டுக்குள்ள விடமாட்டேன்” என்று செமாபோக்கிலிருந்து சம்பந்தியம்மாள் தனபாக்கியம் ஆள் விட்டிருந்தார்.

“நேத்து நானும் சேர்ந்துதான் சிரிச்சேன், கிராணியாரே” என்று சொல்லி முனியாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தையல் கடையிலிருந்து நேரே வந்திருந்த சரோஜா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். அழவில்லை. என்னைத்தான் முறைத்தாள்.

“என் நட்சத்திரம் வெடிச்சா எனக்குல்ல மொதல்ல தெரியணும்? உங்களுக்கு யாரு சொன்னா?”

சாப்பு

அன்றைக்கே செமாபோக் போனேன். தூரம், வெளிச்சம், கணக்கில்லாத வருஷம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தனபாக்கியம் அம்மாள் வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டார். “வாய்ப்பேச்சு வேணாம். வெடிக்காதுன்னு எழுதி, சாப்பு குத்திக் குடுங்க” என்றார். என் பெயர் போட்ட ரப்பர் முத்திரைக்கு ஊரில் அவ்வளவு மரியாதை.

பேனாவை எடுத்தேன். வெடிக்காது என்று எழுதினால் பொய். வெடிக்கும் என்று எழுதினால் கல்யாணம் நிற்கும். மாப்பிள்ளைப் பையன் கதவோரம் நின்று என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கடைசியில் எழுதினேன்: ‘மேற்படி நட்சத்திரம் எக்காலத்தில் வெடித்தாலும், வெடிக்காவிட்டாலும், அதற்கு முனியாண்டி மகள் சரோஜா எவ்விதத்திலும் பொறுப்பாளி அல்லள்.’ கீழே சாப்பு குத்தினேன்.

பையன் உரக்க வாசித்தான். தனபாக்கியம் அம்மாள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு காகிதத்தை வாங்கி மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். “சொன்ன தேதியிலயே தாலி கட்டட்டும்” என்றார். பையன் சரோஜா வீட்டுக்குச் சேதி சொல்லச் சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தேடிப் போனான். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அந்த அம்மாள் வாசல்வரை வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

“எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க, ஐயா. நான் மூலம். மாமனார் செத்ததுக்கு இந்த வீட்டுல இன்னிக்கு வரைக்கும் நான்தான் பொறுப்பு.”

அந்த இரண்டு காகிதங்களுக்கும் மேலிடத்திலிருந்து இதுவரை ஆட்சேபணை எதுவும் வரவில்லை, எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் வெற்றி.