தெய்வசிகாமணியின் ஒற்றை சிம்

தெய்வசிகாமணிக்கு இரண்டு கிணறு, ஒரு மோட்டார். நான்கு நாளைக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி மேட்டுக் கிணற்றுக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவார். அடுத்த நான்காம் நாள் திரும்பக் கொண்டுவருவார். இன்னொன்று வாங்கினால் என்ன என்று கேட்டால், "ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சும்மாதான கெடக்கும்?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அவர் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தால்தான் அந்த நியாயம் எத்தனை பேர் உயிரை வாங்குகிறது என்று தெரியும்.

நான் அங்கே போனது அவர் மனைவி அம்சவள்ளிக்காக. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். முப்பது வருடமாக அதுதான் தொழில். கள்ளக்குறிச்சியில் மூங்கில்துறைப்பட்டு பஸ் பிடித்து எட்டரைக்குள் வந்துவிடுவேன். மாலை ஐந்து வரை கஞ்சி, மருந்து, கை கால் பயிற்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஐந்துக்கு மேல் மருமகள் ஷாலினி. மகன் சிவசங்கர் மஸ்கட்டில் இருக்கிறான்.

ஷாலினிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று கம்ப்யூட்டரில் போட வேண்டும். மாமியார் விழுந்த பிறகு வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கி வந்திருந்தாள். நெட் ஒழுங்காக இருக்கும் வரைதான் அந்த அனுமதி. இல்லையென்றால் அவள் சென்னைக்குப் போக வேண்டும். அவள் போய்விட்டால் இரவில் அம்சவள்ளியைப் புரட்டிப் போட ஆள் கிடையாது. முதுகில் புண் வரும். படுக்கைப் புண் என்ன செய்யும் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலையடிவாரம் என்பதால் ஊரில் ஒரே ஒரு கம்பெனியின் சிக்னல்தான் எடுக்கும். அந்த சிம் வீட்டிலேயே ஒன்றுதான். அது தெய்வசிகாமணியின் போனில் இருந்தது. போனை மஞ்சள் பையில் போட்டுக் கூடத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார்கள். அதிலிருந்து ஷாலினி நெட்டை எடுத்துக்கொள்வாள். ஆனால் கரும்பு வெட்டும் பருவம். வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து வரும் கட்டிங் ஆர்டர் அந்த நம்பருக்குத்தான் மெசேஜாக வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பையிலிருந்து எடுத்துப் பார்ப்பார். வயலுக்குக் கிளம்பினால் பையோடு கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

"மாமா! நெட்டு போச்சு!"

"தோ வந்துட்டேம்மா, மடை மாத்திட்டு வந்துடறேன்."

மடை மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் பாதி செய்த வேலை போயிருக்கும். போன் வீட்டில் தொங்கினாலும் நிம்மதி இல்லை. அவருடைய பங்காளி அம்மாசி கூப்பிடுவார். பேச ஆரம்பித்தவுடன் நெட் நின்றுவிடும்.

"இன்னா பங்காளி, ஆர்டர் வந்துச்சா உனுக்கு?"

"எங்க பங்காளி. உனுக்கு?"

இதையே அரை மணி நேரம் பேசுவார்கள். மதியத்துக்கு மேல் ஜன்னல் வெயிலில் போன் தோசைக்கல்லாகச் சுட்டு, தானாக அணைந்துபோகும். ஷாலினி கதவைத் திறந்துகொண்டு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்ன செய்ய முடியும்? கரும்புக்காரனுக்கு வைத்தியம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

ஒரு புதன்கிழமை கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. வரும் திங்கட்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை வீட்டிலிருந்தே நெட்டில் ஒரு தேர்வு எழுத வேண்டும். போனிலிருந்து எடுக்கும் நெட் கூடாது, தனி மோடம் இருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் அடுத்த வாரமே சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும்.

"மோடம் வாங்கிட்டு வாங்க தம்பி," என்றேன். என்னைவிட ஆறு வயது சின்னவர்.

"போன்லயே வருதே. அதே நெட்டுக்கு தனியா ஒரு பொட்டி இன்னாத்துக்கு நர்சம்மா?"

"போன் உங்க காலோட நடக்குது. பொட்டிக்குக் கால் இல்ல. அதுக்குத்தான்."

"அன்னிக்கி ஒரு நாளு நான் வூட்டுலயே குந்திக்கினு இருந்தா?"

"நீங்க குந்தி நான் பார்த்ததே இல்ல."

"நானே வாங்கிக்கறேன் மாமா," என்றாள் ஷாலினி.

"மருமவ சம்பாத்தியத்துல வூட்டுக்கு சாமான் வாங்கினா ஊருல இன்னா பேசுவாங்க?"

"மருமகள சென்னைக்கு அனுப்பிட்டு பொண்டாட்டிய புண்ணாக்கினா இன்னா பேசுவாங்களோ, அதவிடக் கம்மியாதான் பேசுவாங்க," என்றேன்.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய், கரீம் பாய் கடையில் மோடம் வாங்கிவந்துவிட்டார் என்று ஷாலினி மெசேஜ் போட்டாள். ஞாயிறு எனக்கு விடுமுறை. ஒரு தொல்லை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை போனால், கூடத்து ஜன்னலோரம் மோடம் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு தெய்வசிகாமணி உட்கார்ந்திருக்கிறார். மடியில் போன். அதன் முகப்பில் சிம் இல்லை என்று எழுதியிருக்கிறது.

"சிம் எங்க தம்பி?"

"பொட்டில கீது."

"புதுசு வாங்கலியா?"

"எதுக்கு நர்சம்மா? பகல்ல பொட்டில போட்டா சாயங்காலம் போன்ல போட்டுக்கலாம். நடுவுல மெசேஜ் பார்க்கணும்னா ரெண்டு நிமிஷம் கழட்டினா ஆச்சி." சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் காட்டினார். சிம்மை வெளியே தள்ளுவதற்காம். மோட்டாருக்குச் செய்வதைச் சிம்முக்கும் செய்துவிட்டார்!

ஷாலினிக்குச் சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது. ஞாயிறு முழுக்கக் கெஞ்சியிருக்கிறாள். ஒரு மணி வரை தொடமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்திருக்கிறார். பத்து மணிக்கு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே சிக்னல் எடுக்காததால் மோடம் கூடத்தில்தான் இருக்க வேண்டும். அதாவது அவர் கைக்கு எட்டும் தூரத்தில்.

பத்தே காலுக்கு எழுந்தார். தண்ணீர் குடிக்க என்றார். சொம்பு எதிர்ப்பக்கம் இருந்தது. பத்தே முக்காலுக்குக் கை ஊக்கை வருடியது.

"இங்க வாங்க தம்பி. இவங்கள உட்கார வச்சுப் பழக்கணும். எனக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு. ஒரு கை முதுகுல, ஒரு கை தோள்ல. விட்டா இடது பக்கம் சாஞ்சிடுவாங்க."

என் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. அவருடைய இரண்டு கைக்கும் வேலை வேண்டும். அம்சவள்ளி கூடத்துக் கட்டிலோரம் உட்கார்ந்து, கணவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. "வுட்... வுட்றாத," என்றாள். ஐந்து நிமிடம் உட்காருவது, பத்து நிமிடம் படுப்பது என்று பதினொன்றரை வரை ஓட்டினேன்.

அப்போதுதான் வாசலில் பைக் நின்றது. அம்மாசி.

"பங்காளி! உன் போனு இன்னா செத்துடுச்சா? ஆர்டர் வந்துட்டுதுய்யா, நம்ம ரெண்டு பேருக்கும்! ஒரு மணிக்குள்ள சரின்னு சொல்லலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்!"

தெய்வசிகாமணி கையை எடுத்துவிட்டார். சாய்ந்த அம்சவள்ளியை நான் பாய்ந்து பிடித்தேன். அதற்குள் ஊக்கோடு மோடத்தின் முன்னால் நிற்கிறார்.

"ரெண்டே நிமிஷம் நர்சம்மா."

அம்சவள்ளியை விட்டுவிட்டு நான் எழ முடியாது. உள்ளே தேர்வு நடக்கிறது, கத்தவும் முடியாது. மெதுவாகச் சொன்னேன்: "கழட்டுங்க. கழட்டிட்டு வந்து ராத்திரில இவங்கள எப்படிப் புரட்டறதுன்னு கத்துக்குங்க. பத்து மணி, பன்னெண்டு மணி, ரெண்டு மணி, நாலு மணி. அடுத்த வாரத்துல இருந்து நீங்கதான்."

ஊக்கு அப்படியே நின்றது. அம்மாசி எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்குப் புத்தியாகப் பேசிய ஆண்பிள்ளை அவர்தான்.

"ஏன் பங்காளி, நேரா கரும்பு ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டா ஆவாதா? வண்டி நிக்குது, குந்து."

நாற்பது வருடமாக நேரில் போய்த்தான் ஆர்டர் வாங்கினார்கள். மெசேஜ் வர ஆரம்பித்த இரண்டு மூன்று வருடத்தில் அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு பைக்கில் ஏறினார். ஏறிய பிறகு திரும்பி, "பொட்டிய யாரும் தொடாம பார்த்துக்குங்க நர்சம்மா," என்றார். என்னிடம்!

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கதவு திறந்தது. ஷாலினி முதலில் மோடத்தைப் பார்த்தாள், பிறகு காலி நாற்காலியை. "அறுவவே இல்ல நர்சம்மா," என்றாள். காலையிலிருந்து தொடாத இட்லியை நின்றுகொண்டே தின்றாள். மூன்று மணிக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வீட்டிலிருந்தே தொடரலாம்.

மூன்றரைக்குத் தெய்வசிகாமணி திரும்பினார். வியாழக்கிழமை கரும்பு வெட்டு. சட்டைப்பையிலிருந்து ஆர்டரை எடுத்துக் காட்டினார். அதன் பின்னாலேயே ஒரு சின்ன அட்டை வந்தது. புது சிம்.

"இந்த கரீம் பாய் அன்னிக்கே சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன் இல்ல? வியாபாரம் பண்றாங்களாம்."

கரீம் பாயை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். மோடம் நெட்டிலேயே வாட்ஸப்பில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"மூணு தபா சொன்னேங்க. ஒண்ணே ஜாஸ்தி பாய்னு எழுந்து போயிட்டாருங்க."

தெய்வசிகாமணி காதில் விழாதவர் போலப் புது சிம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒர்க் ஆவ ராத்திரி ஆயிடுமாம். அதுவரைக்கும் அத கொஞ்சம் கழட்டி..."

"மாமா," என்றாள் ஷாலினி.

அவர் உட்கார்ந்துவிட்டார். மணி நான்கு ஆகியிருந்தது. அம்சவள்ளியை வலது பக்கம் புரட்ட வேண்டும். நான் எழுந்தேன்.