முனிராஜ் அண்ணனின் இடக்கண்

முதல் ஷிப்டின் தேநீர் இடைவேளையில் செய்தி வந்தது. ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வேன் மோதி முனிராஜ் இறந்துவிட்டார் என்றார் சூப்பர்வைசர். கையிலிருந்த தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கெலமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். எங்கள் ஓசூர் ஆலையில் லாரி பிரேக் டிரம்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் கடைசி ஆள் அவர்தான். விளக்கடியில் ஒரு திருப்புத் திருப்பினால் மயிரிழைக் கீறலும் தப்பாது. நான் ஊத்தங்கரையிலிருந்து வந்து லேத்தில் சேர்ந்த முதல் வாரமே என் வேலையில் பாதியைத் திருப்பி அனுப்பினார். சண்டைக்குப் போனேன். "மலை எறங்கற வண்டிக்குப் போவுது செல்வம். உன் ரோசம் பெருசா, அவன் உசுரு பெருசா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன்.

பிறகு கண்ணைக் கசக்கத் தொடங்கினார். ஆலைத் தூசி என்று நினைத்தோம். எதிரே வரும் வண்டிக்கு நாலு விளக்கு தெரிகிறது என்று சொல்லிச் சிரிப்பார். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார், எதுவும் சரிப்படவில்லை. வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம் அது. கண் பரிசோதனையில் தேறினால்தான் ஆணை கைக்கு வரும்.

ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பரிசோதனையில் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். பரிசோதனை அறையிலிருந்து முதலில் வெளியே வருகிறவன், எழுத்து அட்டையின் கடைசி வரியை வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லிவிடுவான். அதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. அந்த ஆண்டு முதலில் வெளியே வந்தவன் நான். அண்ணனுக்கு மட்டும் இரண்டு முறை சொல்லி, ஒப்பிக்கவும் வைத்தேன். ஒரு கண்ணை மூடி ஒரு தரம், மறு கண்ணை மூடி ஒரு தரம், பிசகாமல் சொல்லித் தேறினார். மாலையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். அடுத்த ஆண்டும் அப்படியே தேறினார்.

அதன்பின் ஒருநாள், அவர் பார்த்து அடுக்கிய டிரம் ஒன்றில் விரிசலை நானே கண்டேன். யாரிடமும் சொல்லாமல் அவரை பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னே தள்ளும் நோய் என்றார் டாக்டரம்மா. மருந்துச் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கினால் நோய் மேலே போகாது. கூடவே லேசரால் மேடுபள்ளத்தைச் சமன்செய்தால் பார்வையும் ஓரளவு தெளியும். ஆனால் லேசர் கொஞ்சம் சீவி எடுக்கும். வலக்கண்ணில் சீவுவதற்குக் கனம் இருந்தது. இடக்கண்ணில் இல்லை, நடுவில் தழும்பும் விழுந்திருந்தது. அதற்குக் கருவிழி மாற்றுவதுதான் வழி, பதிந்துவைத்துக் காத்திருங்கள் என்றார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு கண்ணுக்குமே செஞ்சிருக்கலாமே" என்று கேட்டார் டாக்டரம்மா.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப நல்லாத்தான் தெரிஞ்சுது மேடம். டெஸ்ட்ல பாஸ் ஆனேன்" என்றார்.

வலக்கண்ணுக்கு இரண்டும் ஒரே நாளில் நடந்தன. நான்கு நாள் வலியில் துடித்தார். சில மாதங்களில் மங்கல் விலகி, கண்ணாடி போட்டுப் பேருந்துப் பலகையைப் படித்தார். அந்த ஒரு கண்ணை வைத்துச் சமாளித்திருக்கலாம். மனுஷர் மேலாளரிடம் போய், மனப்பாடம் செய்து தேறியதைச் சொல்லி, பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். வரியைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டதற்கு ஞாபகமில்லை என்றாராம். நான் பக்கத்து ஷெட்டில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கோழை.

அன்று காலை, சாலையின் நடுத்திட்டைத் தாண்டியதும் வேன் இடப்பக்கமிருந்து வந்திருக்கிறது. கண்ணால்தான் போனார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகமில்லை.

மாற்றுக் கருவிழிக்குக் காத்திருந்தவர், தான் போனால் தன் கண்களைக் கொடுத்துவிடும்படி அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தார். உடல் இருந்த மருத்துவமனைக்கு வந்த கண் வங்கிக்காரர் விவரம் கேட்டுத் தயங்கினார். இந்த நோயுள்ள கருவிழியை இன்னொருவருக்கு வைக்க முடியாது, படிக்கும் மருத்துவர்களுக்கு வேண்டுமானால் பயன்படும் என்றார்.

"எடுத்துக்குங்க சார். இந்த நோவு எப்டி இருக்கும்னு படிக்கறவங்களாவது பாக்கட்டும்" என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "நீதான் தம்பி கூடவே இருந்த. எப்ப ஆரம்பிச்சுதுன்னு சாருக்குச் சொல்லு" என்றார்.

சொன்னேன். எந்த ஆண்டு, எந்தப் பரிசோதனை, வரியைச் சொன்னது யார், எல்லாவற்றையும் அண்ணியின் முன்னாலேயே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

நேற்று கருமாதி. ஆலையில் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், எனக்குச் சொல்லவில்லை. சரிதான். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட எனக்கு இடமில்லை அண்ணா. இந்தத் தாளிலேயே கும்பிட்டுக்கொள்கிறேன். போய் வாருங்கள்.