எது பெரிசு, டீச்சர்?

எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். சொந்தக்காரர், அயலவர், சண்டை பிடித்தவர், கதை பேச்சில்லாமல் இருப்பவர் எல்லோரிடமும். போன வருடம் என் முறை வந்தது. நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வாயும் கொஞ்சம் நீளம். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆட்களுக்குக் குறைவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, அது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை. "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்று ஒரே வசனம்தான். எந்தப் பிழை என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. "அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு, எங்களுக்கும் துஆ செய்ங்க" என்பார்கள். ஒரு பிளேன்டீ வரும். குடித்துவிட்டு அடுத்த வீடு. மூன்று நாளில் ஊரை முடித்துவிட்டேன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் ஒரு வீடு மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்த வீட்டுக்காரர் எங்கள் பாடசாலையின் கணக்கு டீச்சர். பல வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படிப்பித்தோம். எங்கள் பழைய கட்டிடத்தில் வகுப்புகளுக்கு நடுவே நெஞ்சளவு அரைச்சுவர்தான். நான் ஒல்லாந்தரைக் கொண்டுவந்து இறக்கினால் அவர் வகுப்புக்குக் கேட்கும். அவர் வாய்ப்பாடு சொன்னால் என் வகுப்பும் சேர்ந்து சொல்லும். நோன்பு மாதத்தில் அவர் எனக்கு முன்னால் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். பொங்கலுக்கு அவர் வீட்டில் பொங்கிய புக்கை எனக்கென்று தனிப் பாத்திரத்தில் வரும்.

தரம் பதினொன்றுக்கு இரண்டாம் உலகப் போர் வரும் கிழமை எனக்குப் பெருநாள் மாதிரி. ஹிரோஷிமா, நாகசாகி என்று எழுதிவிட்டு, கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். வலப்பக்கம், அந்த இரண்டு குண்டிலும் செத்தவர்களின் தொகை. இடப்பக்கம், குண்டு போடாமல் போர் இழுபட்டிருந்தால் செத்திருப்பார்கள் என்று சிலர் சொல்லும் தொகை. பிறகு அரைச்சுவரால் எட்டிக் கூப்பிடுவேன்: "டீச்சர், இதில எது பெரிசு?"

கணக்கு டீச்சர் தன் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்ப்பார். "இடப்பக்கம்தான் பெரிசு. இதுக்கும் கணக்கு டீச்சர் வேணுமா உங்களுக்கு?" என்பார். இரண்டு வகுப்பும் சிரிக்கும். "பாத்தீங்களா புள்ளைகள், கணக்கு டீச்சரே சொல்லிட்டா. அப்ப குண்டு போட்டது சரியா, பிழையா?" என்று கேட்பேன். "சரீ!" என்று இரண்டு வகுப்பும் சேர்ந்து கத்தும். அதிபர் கந்தோரிலிருந்து எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு வருடமும் இதே கூத்துத்தான்.

எனக்கு அது வெறும் கூத்தில்லை. எங்கள் நாட்டில் யுத்தம் நடந்த காலத்தில் என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், ஒரு நாள் காலையில் வயல் வட்டைக்கு வேளாண்மை பார்க்கப் போனார். பின்னேரம் அவருடைய சைக்கிளை மட்டும் யாரோ உருட்டிக்கொண்டு வந்து தந்தார்கள். வழியில் ஆயுதக்காரர் மறித்துச் சுட்டிருந்தார்கள். உம்மா அந்தச் சைக்கிளைக் கழுவக் கூட விடவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: எப்படியாவது, யார் செத்தாவது, இந்த யுத்தம் முடியட்டும். கரும்பலகையில் நான் ஜப்பானைப் பற்றிப் பேசினேன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

யுத்தம் முடிந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள், பால்சோறு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். பொய் சொல்ல மாட்டேன், ருசித்துத்தான் தின்றேன். காக்கா இருந்து பார்த்திருக்கலாமே என்று அழுகையும் வந்தது.

கணக்கு டீச்சரின் தங்கச்சி வன்னியில் கல்யாணம் முடித்திருந்தவர். யுத்தத்தின் கடைசி நாட்களில் கடற்கரையில் பங்கருக்குள் இருந்தபோது, ஷெல் விழுந்து அவரும் இரண்டு பிள்ளைகளும் செத்துப் போனார்கள். சேதி வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. நானும் பாண்டிருப்புக்குப் போனேன். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது பொய் அழுகையில்லை.

அடுத்த தவணையில் அதே பாடம் வந்தது. கோடு போட்டேன், இரண்டு தொகையும் எழுதினேன். யா அல்லாஹ், வாய் பழகிப் போயிருந்தது. அரைச்சுவரால் எட்டி, "டீச்சர், இதில எது பெரிசு?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டு முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. நாக்கை வெட்டிப் போட்டாலும் தகும். அவர் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு வழக்கம் போல வந்து, என் கரும்பலகையை இடமிருந்து வலமாகப் பார்த்தார். "இடப்பக்கம்தான் பெரிசு, டீச்சர்" என்றார். அடுத்த கேள்வியை நான் கேட்கவேயில்லை. பிள்ளைகள் தாங்களாகவே "சரீ!" என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் போய்ப் பாதியில் விட்ட கணக்கைச் செய்தார்.

இடைவேளையில் அவரிடம் போனேன். ஊரையே வாயால் விற்கக் கூடியவள் நான். அன்றைக்குப் பார்த்து, "இண்டைக்குச் சரியான வெயில்" என்றேன். "ஓம், சரியான வெயில்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்து முடித்துவிடுவேன். அவரும் வேறு பாடசாலைக்கு மாற்றமாகிப் போனார். கல்யாண வீடுகளில் கண்டால் சிரிப்போம்.

போன வருடம் அந்தக் கடைசி வீட்டுக்குப் போனபோது அவர் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். நான் ஊரெல்லாம் சொன்ன அதே வசனத்தைச் சொன்னேன். "ஐயோ டீச்சர், நீங்க எனக்கு என்ன பிழை செஞ்ச? சந்தோசமாப் போயிட்டு வாங்க" என்றார். முடிந்தது. வாசல் படலை வரை வந்துவிட்டேன், செருப்பும் போட்டுவிட்டேன். அப்படியே போயிருந்தால் ஹஜ்ஜுக்கும் போய்ப் பச்சைக் கள்ளியாகத்தான் திரும்பி வந்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"டீச்சர், அண்டைக்கு அரைச்சுவரால எட்டி, எது பெரிசு எண்டு கேட்டனே. தங்கச்சி மௌத்தான பிறகு. அதுக்குத்தான் வந்தன்."

அவர் மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தார். "கேட்டதுக்கு உங்கள நான் எப்பவோ மன்னிச்சிட்டன்" என்றார். "ஆனா நானும்தானே சொன்னன், பெரிசு எண்டு? அவ போன பிறகும் சொன்னன். புள்ளைகள் பாத்துக்கொண்டு நிண்டதால வேற ஒண்டும் வாயில வரல்ல. வலப்பக்கம் இருந்தது செத்த ஆக்கள், டீச்சர். இடப்பக்கம் இருந்தது ஆரோ நினைச்சுப் பாத்த ஆக்கள். அது ரெண்டையும் பக்கத்தில வச்சு அளக்கேலாது. கணக்குப் படிப்பிக்கிறவ நான், முதல் வருசமே அதச் சொல்லியிருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் வாதம். "அப்ப யுத்தம் முடியாமப் போயிருந்தா? என்ட காக்காவப் போல இன்னும் எத்தன பேர் போயிருப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாது" என்றார். "காக்காட சாவு எனக்குச் சின்னதில்ல, டீச்சர். ஆனா அவ மாதிரி ஆக்கள் செத்தது சரி எண்டதுக்கு, தங்கச்சி தர வேண்டிய மன்னிப்ப என்னட்டக் கேட்டா, நான் எங்க போய் எடுத்துத் தாற?"

ஒரு மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள் எனக்கு. அதை நான் பாண்டிருப்பில், ஒரு மிளகாய்ப் பாயின் ஓரத்தில் நின்று விளங்கிக்கொண்டேன்.

"அவட பேர் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

தெரியாது. குண்டு விழுந்த இரண்டு ஊரின் பேரையும் நித்திரையிலும் சொல்வேன். இவருடைய தங்கச்சியின் பேரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. செத்த வீட்டுக்குப் போயும் கேட்கவில்லை. எனக்கு அவர் 'கணக்கு டீச்சரின் தங்கச்சி', அவ்வளவுதான். வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் மூன்று பேரையும் சொன்னார். தங்கச்சியின் பேர், பிறகு மூத்தது, பிறகு இளையது. நான் தலையாட்டினேன். "தலையாட்ட வேணாம். சொல்லுங்க" என்றார், வகுப்பில் பிள்ளையைக் கேட்பது போல. சொன்னேன். இளையவளின் பேரைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். "இல்ல. திரும்பச் சொல்லுங்க" என்றார். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.