மோருக்கு ஊற்றிய தண்ணீர்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பரமத்தி வேலூரில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீட்டில் இருந்தோம். ஐப்பசி மழையில் அவளுக்குச் சீதபேதி கண்டது. நாமக்கல் டாக்டர் மலத்தைப் பரிசோதித்துவிட்டு, குடலில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது என்றார். ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார். ரத்தம் நின்றது, பேதி நிற்கவில்லை.

மறுபடி போனபோது, "மருந்து வயித்துல இருந்த நல்ல கிருமியையும் கொன்னிருக்கும். தயிர்ல அது இருக்கு. நீர்மோர் கொடும்மா. குடிக்கிற தண்ணியக் காய்ச்சிக் கொடு" என்றார்.

என் கணவர் ஒப்பவில்லை. "இருமிக்கிட்டுக் கெடக்கற புள்ளைக்கு மோரா? சளி கட்டிக்கும், வேண்டாம்."

அவர் கொடிக்காலுக்குப் போனதும் நான் ஒளித்துக் கொடுத்தேன். மூன்று நாளில் பேதி குறைந்தது, சோறு கேட்டாள். நான்காம் நாள் காலை மறுபடியும் ரத்தம்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று பயந்தேன். "கெளம்பு" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் அவள் கண்கள் செருகின. "சாமி, அம்மாளப் பாரு சாமி" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

டாக்டர் கேட்டார்: "மோருக்கு எந்தத் தண்ணி ஊத்தின?"

"வாய்க்காத் தண்ணிங்க."

"காய்ச்சினதா?"

"இல்லீங்க." குடிக்கத்தான் காய்ச்சினேன். மோருக்கும் காய்ச்ச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தயிர் குடல் தேறத் துணை செய்யும், பூச்சியைக் கொல்லாது. பழசு மிச்சம் இருந்துச்சோ, அந்தத் தண்ணியில புதுசா வந்துச்சோ, சொல்ல முடியாது."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீர் போனால்தான் பயமில்லை என்றார் டாக்டர். மதியம் வரை ஒரு சொட்டும் இல்லை. என் கணவர் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவள் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்கு மேல் என் கையில் ஈரம் பட்டது.

"ஏனுங்க!" என்று கூவினேன். அவர் ஓடிவந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

வீடு திரும்பிய மறுநாள் அவரே அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சினார். ஆறவைத்து, மோர் கரைத்து, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"சளி கட்டாதுங்களா?" என்றேன்.

"கட்டுனா கட்டட்டும். குடு புள்ள."

கார்த்திகை முடிவதற்குள் அவள் கொடிக்காலில் ஓடத் தொடங்கினாள்.