புளியமரம் கட்டிய பயிற்சிப் பணம்

நேற்று பேத்தி பள்ளிக்கூடத்து அட்டை வேலைக்கு மைதா பசை காய்ச்சினாள். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நான் ஜமுனாமரத்தூர் நூலக அறைக்குப் போய்விட்டேன். பயிற்சிப் பேச்சு வந்த அன்றைக்கு அங்கே இருந்தது நாலே பேர்: நூலகர் கமலா அம்மா, கணக்கு பார்க்கும் நடராஜன், பசைச் சட்டியோடு நான், எனக்குக் களி கொண்டுவந்த என் வீட்டுக்காரி முனியம்மா.

எழுபதுகளின் கடைசி. பல்கலைக்கழகத்தின் பயிர் ஆராய்ச்சிக் கிளை ஒன்று அப்போது மலைமேல் இருந்தது. அதன் நூலகத்தில் நான் அட்டெண்டர். எட்டாவதோடு நின்றவன். புத்தகத்தைத் துடைப்பேன், கிழிந்ததை ஒட்டுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"மெட்ராஸ்ல ஒரு மாசம் நூலகப் பயிற்சி. உங்களைத்தான் அனுப்பப் போறேன்" என்றார் கமலா அம்மா.

செலவைப் பல்கலைக்கழகம் கொடுக்கும்தான். ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டு, பரீட்சையில் தேறி வந்த பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும்.

"தேறலன்னா?" என்றேன்.

"தேறலன்னா அவ்ளோதான்" என்றார் நடராஜன், டீயை ஊதிக்கொண்டே.

முனியம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "கட்டிக்கலாம். வூட்டாண்ட புளியமரம் நிக்குது இல்ல."

எங்கள் பக்கம் அது வழக்கம். காய்க்கும் முன்னமே மரத்தைச் சந்தை வியாபாரியிடம் பேசிவிடுவோம். ரெண்டு வருஷத்துக் காய்க்கு முந்நூறு கொடுத்தார். பொங்கலுக்குள் பாதியைத் திருப்பினால் ரெண்டாம் வருஷக் காய் எங்களுக்கு. பேசிவிட்ட மரத்தில் ஒரு பிஞ்சைத் தொடக் கூடாது.

மெட்ராஸில் வாத்தியார் புத்தக அட்டைகளை அடுக்கச் சொன்னால் எனக்குக் கண்ணில் மரம்தான். பிள்ளைகள் கல்லெறிகிறார்களோ, காற்றில் பூ உதிர்கிறதோ. எப்படித் தேறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. முனியம்மா சிரித்தாள். "நீ படிச்ச படிப்பு பாரு, வியாபாரிக்குக் காய்ச்சித் தொங்குது."

பயிற்சிச் செலவைக் கேட்டு நடராஜனிடம் போனேன். நான் கிளம்பிய நாள் மழை, மலைப் பாதையில் பஸ் ஓடவில்லை. அடிவாரத்து அமிர்தி வரை நடந்தே இறங்கியிருந்தேன்.

"அமிர்தி வரைக்கும் டிக்கெட் எங்கய்யா?"

"நடந்து போனேங்க."

"நடந்ததுக்கு இன்னா ஆதாரம்?"

"கால் வலிச்சுதுங்க."

நடராஜன் சிரித்தார். மேலிடம் சிரிக்கவில்லை. அந்த ஒரு டிக்கெட்டுக்காக மொத்தத்தையும் நிறுத்திவிட்டது. பொங்கலும் நெருங்கிவிட்டது.

போகிக்கு முந்தின நாள் கமலா அம்மா தன் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டினார். "மரத்தை மீட்டுடுங்க. பல்கலைக்கழகம் கொடுத்ததும் எனக்குக் கொடுங்க."

மீட்டோம். மறு வருஷம் ஒரு கூடை புளி கொண்டுபோனேன். "புளி வேற, பணம் வேற" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். சம்பளத்திலிருந்து கொடுக்கப் போனால் கை நீட்டவே மாட்டார். "உங்களப் படிக்க அனுப்பினது பல்கலைக்கழகம். அவங்கதான் தரணும். உங்க காசு எனக்கெதுக்கு?"

அவருக்கு மாற்றல் வந்தது. பிறகு ஆராய்ச்சிக் கிளையையே மலைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். சாலையை அகலப்படுத்தியபோது மரமும் போயிற்று. கமலா அம்மா தவறிய சேதி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. பல்கலைக்கழகத்துப் பணம் இன்னும் வரவில்லை. அம்மாவுக்குச் சேர வேண்டியது நூற்றைம்பது ரூபாய்.